சொன்னதை எழுதும் கை

சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிப் போகிற தெருவில் கலைமணி இட்லி மாவு விற்கிறார். கடை என்று தனியாக எதுவும் இல்லை. வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர், ஒரு பழைய ஃபிரிட்ஜ், வாசலில் ஒரு மேசை, அவ்வளவுதான். காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்குள் வியாபாரம் ஓய்ந்துவிடும். மறுபடி கூட்டம் வருவது சாயங்காலம்தான். பிறந்த ஊர் திருச்செங்கோடு. ரயில்வேயில் டெக்னீசியனாக இருக்கிற பூபதியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தார். கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த சமயத்தில் கல்யாணம் கூடிவந்துவிட்டது. அதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு அவர் திரிந்ததில்லை. ஆனால் யாராவது "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் பதில் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

மணிமாறன் கேட்டபோதும் அப்படித்தான் இறங்கியது. மணிமாறனுக்குக் கண் தெரியாது. ரயில்வே அலுவலகத்தில் டெலிபோன் பிரிவில் வேலை. வேலை முடிந்து கோலைத் தட்டிக்கொண்டு வரும்போது ஒரு பாக்கெட் மாவு வாங்கிப் போவார். அன்றைக்கு வாங்கியும் போகாமல் நின்றார்.

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பன்னெண்டாவதுதானுங்க."

"டிகிரி எதுவும் இல்லையே?"

"இல்லீங்க."

"அப்பாடா," என்றார் மணிமாறன். "உங்களத்தான் தேடிட்டு இருந்தேன்."

விஷயம் இதுதான். கண் தெரியாதவர்கள் பரீட்சை எழுதும்போது அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பரீட்சை எழுதுகிறவரைவிடப் படிப்பில் ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்பது விதி. பி.ஏ. பரீட்சைக்குப் பி.ஏ. படித்தவர் எழுதக் கூடாது. புதுச்சத்திரத்துப் பெண் ஒருத்தி இங்கே அரசுக் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். எழுதுவதாகச் சொன்ன ஆள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். பரீட்சை நாளை மறுநாள்.

பன்னிரண்டாவதோடு நின்றது ஒரு தகுதியாகவும் இருக்கும் என்பது கலைமணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து மணிப் பரீட்சை. மாவு வியாபாரம் முடிந்து போனால் சரியாக இருக்கும். சரி என்றார்.

அந்தப் பெண்ணின் பெயர் தேவிப்ரியா. கல்லூரி வாசலில் சந்தித்தபோது வணக்கம் சொன்ன கையோடு சட்டம் பேசினாள்.

"அக்கா, கேள்விய ரெண்டு தடவ படிங்க. நான் சொல்றப்ப குறுக்க பேசாதீங்க. 'புள்ளி'ன்னா நிறுத்துங்க, 'பத்தி'ன்னா அடுத்த பத்தி. கை வலிச்சா சொல்லீருங்க, நான் கொஞ்சம் நிறுத்தறேன். வலிச்சுக்கிட்டே எழுதுனா எழுத்து கெட்டுப்போயிரும்."

தனி அறை கொடுத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் கலைமணிக்கு முதல் வரியே தடுமாறியது. ஆனால் தேவிப்ரியா சொல்ல ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. அந்தப் பெண் தயங்கவே இல்லை. சாளுக்கியர், ராஷ்டிரகூடர் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. கூடுதல் நேரமும் சேர்த்து முடிந்தபோது கலைமணியின் சுண்டுவிரல் ஓரம் முழுக்க மை. வெளியே வந்து, "நல்லா சொன்ன கண்ணு," என்றார். "நீங்க நல்லா எழுதுனீங்களான்னு மார்க் வந்தாத்தான் தெரியும்," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

மார்க் நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு தேவிப்ரியாவுக்கு அவர்தான் எழுதினார். அவள் சொல்லி அவளுடைய சிநேகிதிகள் கேட்டார்கள். மணிமாறன் சொல்லி வேறு கல்லூரியிலிருந்து வந்தார்கள். வேகமாக எழுதினாலும் கலைமணியின் எழுத்து உருண்டையாக, ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கும். நேரம் தவற மாட்டார். இரண்டு பேனாவும் ஒரு துண்டும் பையில் எப்போதும் இருக்கும். பரீட்சை நாட்களில் விடியற்காலையிலேயே எழுந்து மாவாட்டி முடித்துவிடுவார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. தனக்குள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து நிற்பது போலிருந்தது.

பிறகு பாராட்டு வர ஆரம்பித்தது.

தேவிப்ரியாவின் அப்பா செங்கோடன் கோழித்தீவன லாரி ஓட்டுகிறவர். ஒரு நாள் அட்டை நிறைய முட்டையோடு வந்து வாசலில் நின்றார். "என்ற பொண்ணுக்கு நீங்கதானுங்க கொலசாமி," என்று கும்பிட்டார். கலைமணி பதறிப்போய், "அப்புடியெல்லாம் சொல்லாதீங்க," என்றார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் மாவு வாங்க வந்த நாலைந்து பேரிடம் அதைச் சொன்னார். ஊரில் ஒரு சங்கத்தார் விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் பேசியவர், இருளில் இருப்பவர்களுக்கு விளக்கேற்றும் தாய் என்றார். அந்த வீடியோ சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனது.

கலைமணி கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். அவருக்கே அது தெரியவில்லை. 'நான் எழுதிக் கொடுக்கற பசங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 'எம் பசங்க' என்றார். அவர்கள் படித்தார்களா என்று இரவு போன் செய்து கேட்டார். தேவிப்ரியா மேற்கொண்டு பி.எட். படிக்கப் போவதாகச் சொன்னபோது, "அதெல்லாம் எதுக்குச் சாமி, உனக்குப் பேங்க் பரீட்சைதான் சரி, நான் விசாரிச்சு வெச்சிருக்கேன்," என்றார். தேவிப்ரியா பேச்சை மாற்றினாள். பூபதி ஒருமுறை, "சுரம் அடிக்குது, இன்னிக்கு வேற யாரையாச்சும் எழுதச் சொல்லேன்," என்றதற்கு, "நான் போகலைன்னா அந்தப் புள்ளைங்க கதி?" என்று மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டாம் வருஷக் கடைசிப் பரீட்சை அது. வந்தவாசிப் போரைப் பற்றி ஒரு பெரிய கேள்வி. தேவிப்ரியா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். நடுவில், "பிரெஞ்சுப் படைக்கு டூப்ளே தலைமை தாங்கினார், புள்ளி," என்றாள். கலைமணியின் பேனா நின்றது. டூப்ளே இல்லை. லாலி. இதே கேள்விக்கு வேறொரு மாணவி சொன்ன பதிலை முன்பு அவர் எழுதியிருக்கிறார். டூப்ளேவை அதற்கு முன்பே பிரான்ஸுக்குத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள் என்பதுவரை ஞாபகம் இருந்தது.

மேற்பார்வையாளர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கலைமணி 'லாலி' என்று எழுதினார். அந்தப் பெண் டூப்ளே என்று சொன்ன இடத்திலெல்லாம் லாலி என்றே எழுதினார். அத்தோடு விடவில்லை. அவள் முடித்த பிறகு, போரின் விளைவுகள் என்று நாலு வரி தானாகவே சேர்த்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு நிறைந்திருந்தது. குழந்தைக்குத் தெரியாமல் தட்டில் ஒரு கரண்டி நெய் விட்டது போல.

ரிசல்ட் வந்தது. அந்தத் தாளில் தேவிப்ரியாதான் வகுப்பிலேயே முதல். ஊருக்குப் போகிற வழியில் ஜங்ஷனில் இறங்கி, சொல்லிவிட்டுப் போக வந்தாள். கலைமணி காபி கொடுத்தார்.

"ஆச்சரியமா இருக்குதுங்க்கா," என்றாள் அவள். "அந்த வந்தவாசிக் கேள்வில நான் தப்பாச் சொல்லீட்டேன். டூப்ளேன்னுட்டேன். ஹாஸ்டலுக்குப் போயித்தான் ஞாபகம் வந்துச்சு. பத்து மார்க் போச்சுன்னு நெனச்சேன்."

"நான் உட்டுருவேனா?" என்றார் கலைமணி. "லாலின்னு மாத்தி எழுதீட்டேன். கடைசில நாலு வரி சேத்தும் உட்டேன். நீ பாட்டுக்குக் காபியக் குடி."

தேவிப்ரியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ மாத்துனீங்க?"

"ஒண்ணு ரெண்டு எழுத்துப்பிழ இருக்கும். இது மாதிரி இல்ல. சத்தியமா இதுதான் மொதோத் தடவ."

"அத நான் எப்புடிங்க்கா தெரிஞ்சுக்கறது? எழுதுனத நான் படிக்க முடியாது. நான் சொன்னதுதான் அதுல இருக்குதுன்னு நம்பித்தான் பரீட்சைக்கு வாரேன். இனி ஒவ்வொரு மார்க்கப் பாக்கறப்பவும் இது எனக்கு வந்துச்சா, அக்காவுக்கு வந்துச்சான்னு தோணும்."

கலைமணிக்கு முகம் சுண்டிப்போனது. "உன் நல்லதுக்குத்தான பண்ணேன்? தப்புன்னா சொல்லு, நானே போயி ஆபீஸ்ல சொல்லீட்டு வாரேன்."

"சொன்னா ரெண்டு பேருக்கும் தடை போடுவாங்க. பாத்தீங்களா, இதையும் நீங்களே முடிவு பண்றீங்க."

கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்று கலைமணி சொன்னதற்கு, வேண்டாம், வழி தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது கலைமணி பூபதியிடம் கொட்டித் தீர்த்தார். எத்தனை நாள் கை வீங்க எழுதியிருக்கிறேன், காய்ச்சலோடு போயிருக்கிறேன், என்ன நன்றி கெட்டதனம் என்றார். பூபதி அதிகம் பேசுகிறவர் இல்லை.

"அது கேட்டுச்சா?" என்றார்.

"எத?"

"திருத்தச் சொல்லி."

கலைமணி குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் முடியாது என்றார். மணிமாறன் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்த பரீட்சைக் காலம் வந்தது. கலைமணி மாவாட்டிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தார், யாராவது வந்து ஆள் இல்லை என்று தவிப்பார்கள் என்று. யாரும் வரவில்லை. ஐ.டி.ஐ. படிக்கிற ஒரு பெண் தேவிப்ரியாவுக்கு எழுதினாளாம். மற்றவர்களுக்கும் எப்படியோ ஆள் கிடைத்தது. பரீட்சை நடந்து முடிந்தது. தேவிப்ரியாவின் கோபத்தைவிட இது அவரை அதிகமாகச் சுட்டது. நான் போகாவிட்டால் இவர்கள் கதி என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே என்றிருந்தது. அப்படியென்றால் இவ்வளவு நாள் செய்ததற்கு என்ன மதிப்பு? ஒன்றுமே இல்லை, யார் எழுதினாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அந்த நிலையில்தான் மணிமாறன் மறுபடி வந்தார்.

"தபால்ல பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கறவர் ஒருத்தர். பச்சமுத்துன்னு, உங்க ஊர்க்காரர்தான். போர்வெல் வண்டில இருந்தவர். காத்து ஹோஸ் வெடிச்சு ரெண்டு கண்ணும் போச்சு. ஞாயித்துக்கெழம சேலத்துல பரீட்ச. ஆள் இருந்தா உங்ககிட்ட வரமாட்டேன். முடியாதுன்னா சொல்லுங்க, வேற பாக்கறேன்."

வேற பாக்கறேன் என்று அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் கலைமணியை அசைத்தது. இது கெஞ்சுவதும் இல்லை, கும்பிடுவதும் இல்லை. ஒரு வேலை இருக்கிறது, செய்ய முடியுமா என்று கேட்கிறார். "வாரேனுங்க," என்றார்.

பச்சமுத்துவுக்கு நாற்பது வயது இருக்கும். ரிக் வண்டி சத்தத்தில் பேசிப் பழகியவர், பரீட்சை அறையிலும் அதே குரல். பாதித் தாள் நன்றாகப் போனது. மாநிலங்களவையைப் பற்றிய கேள்வி வந்தது. "உறுப்பினரோட பதவிக்காலம் அஞ்சு வருசமுங்க," என்றார் பச்சமுத்து.

ஆறு. கலைமணிக்குத் தெரியும். பேனா காகிதத்தில் ஊன்றியபடி நின்றது. 'ஐந்து ஆண்டுகள்' என்று எழுதினார். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சமுத்து, "இதுவரைக்கும் சொன்னதப் படிங்க பாக்கலாம்," என்றார். கலைமணி படித்தார். அந்த இடம் வந்தபோது குரலை ஏற்றவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ஒரு சின்ன இழுப்பு போதும், அந்த மனிதர் பிடித்துக்கொள்வார். மற்ற வரிகளைப் படித்த மாதிரியே அதையும் படித்தார். இவ்வளவு கஷ்டமான வேலையை அவர் இதுவரை செய்ததில்லை. பச்சமுத்து, "சரிங்க, மேல போலாம்," என்றார். கடைசிக் கேள்வி அவருக்குத் தெரியவில்லை. பாதியில் விட்டார். நேரம் மிச்சமிருந்தும் பேப்பரைக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் தேறவில்லை. நாலு மார்க்கில் போய்விட்டது. மணிமாறன் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் கலைமணிக்கு எதுவும் ஓடவில்லை. அப்புறம் அவரே பச்சமுத்துவுக்குப் போன் செய்தார்.

"வருத்தமாத்தான் இருக்குதுங்க," என்றார் பச்சமுத்து. "ஆனா எங்க விட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. மாநிலங்களவைய நான் சரியாப் படிக்கல, கடைசிப் பாடம் தொடவே இல்ல. போன வருசம் ஒரு பையன் எழுத வந்தான். நல்ல பையன்தான். நான் சொல்றது ஒண்ணு, அவன் எழுதறது ஒண்ணு. மார்க்கு வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு புரியல. அத வெச்சுக்கிட்டு நான் எதப் படிக்கறது? அடுத்த தடவைக்கும் நீங்க வருவீங்களா?"

"வாரேனுங்க," என்றார் கலைமணி. போனை வைத்துவிட்டு மாவுப் பாக்கெட்டுகளைக் கட்ட உட்கார்ந்தார். யார் எழுதினாலும் ஒன்றுதான் என்று நினைத்தது தப்பு என்று தெரிந்தது. தான் இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது என்று நினைத்ததும் தப்புதான். சொன்னதைச் சொன்னபடி, ஆசிரியர் கண்ணைச் சுருக்காமல் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுத்தால், எதிரே இருக்கிறவருக்குத் தான் நிற்கிற இடம் தெரிகிறது. அது சின்ன வேலைதான். ஆனால் அதை அரைகுறையாகச் செய்தால் ஒருவருடைய மூன்று வருஷப் படிப்பு குழம்பிப்போகிறது.

அன்றைக்கே தேவிப்ரியாவையும் கூப்பிட்டார். "நான் பண்ணது தப்பு கண்ணு. உன்னோட பரீட்சைல நான் எழுதியிருக்கக் கூடாது. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன். வேற ஒண்ணும் இல்ல." எதிர்முனையில், "சரிங்க்கா," என்ற பதில் மட்டும் வந்தது. கலைமணி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். தேவிப்ரியா விடுதித் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். ஐ.டி.ஐ. பெண் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டாளாம். கடைசிப் பரீட்சை வருகிறது.

"உங்களுக்கு ஒரு பரீட்ச வெக்கப் போறேன்," என்றாள். "நான் சொல்றத எழுதுங்க. எழுதுனத இவ எனக்குப் படிச்சுக் காட்டுவா."

கலைமணி பேனாவை எடுத்தார். தேவிப்ரியா அமைதியாகச் சொல்ல ஆரம்பித்தாள். இந்தியா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் சுதந்திரம் அடைந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கரிகாலன் கட்டினான். காவிரி திருநெல்வேலியில் கடலில் கலக்கிறது. கலைமணிக்குக் கை அரித்தது. காவிரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். தோழி வாங்கிப் படித்தாள். நாற்பத்தெட்டு, கரிகாலன், திருநெல்வேலி, எல்லாம் அப்படியே இருந்தது.

"எப்புடிங்க்கா இருந்துச்சு?" என்றாள் தேவிப்ரியா.

"காவிரியக் கொண்டுபோயித் திருநெல்வேலில விட்டுட்டியே, பாவி," என்றார் கலைமணி. "எழுதறதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துச்சு."

தேவிப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். கலைமணிக்கும் சிரிப்பு வந்தது. முன்பு சண்டை போட்ட நாளைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்த லாலி மார்க்கை மட்டும் தேவிப்ரியா இன்றுவரை யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை. அது அப்படியே நிற்கிறது. அதைக் கலைமணியால் சரி செய்ய முடியாது.

கடைசிப் பரீட்சைகளைக் கலைமணிதான் எழுதினார். ஒரு தாளில் தேவிப்ரியா இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னாள். இரண்டும் அப்படியே போனது. முதல் வகுப்பில் தேறினாள். பி.எட். சேர்ந்திருக்கிறாள். செங்கோடன் மறுபடி முட்டை அட்டையோடு வந்து பேச ஆரம்பித்தபோது கலைமணி இடைமறித்தார். "அண்ணா, படிச்சது உங்க பொண்ணு. நான் எழுதுனேன். நல்லாத்தான் எழுதுனேன், அத மறைக்கல. முட்டைய வாங்கிக்கறேன். சாமின்னு மட்டும் சொல்லாதீங்க." செங்கோடன் சிரித்துவிட்டு, அப்படியானால் மாவு ரெண்டு பாக்கெட் கொடுங்க என்று வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது மாவு வாங்க வருகிறவர்களில் பன்னிரண்டாவது முடித்தவர்கள், கையெழுத்து திருத்தமாக உள்ளவர்கள் யார் என்று கலைமணி ஒரு கண் வைத்திருக்கிறார். ஏழெட்டுப் பேரைச் சேர்த்துவிட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்வது கொஞ்சம்தான். கேள்வியை ஏற்ற இறக்கமில்லாமல் படி. உனக்குப் பதில் தெரியும் என்பது உன் குரலிலோ மூச்சிலோ தெரியக் கூடாது. முடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிடு. அவர்களில் அறிவுச்செல்வி என்கிற பெண் கலைமணியைவிட வேகமாக எழுதுவாள். பெரிய தாள் என்றால் தேவிப்ரியாவே அவளைத்தான் கேட்கிறாள். முதல் தடவை கேட்டபோது கலைமணிக்குச் சுருக்கென்றது. அடுத்த தடவை, "அவளக் கூட்டிட்டுப் போ, எனக்கும் அன்னிக்கு ஆர்டர் மாவு இருக்குது," என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டு ஆர்டர் அது. நன்றாகப் புளித்துப் பொங்கியிருந்தது.

பச்சமுத்து இரண்டாம் முறை அந்தத் தாளைத் தாண்டிவிட்டார். இன்னும் மூன்று தாள் பாக்கி. அடுத்ததற்கு மையம் திருச்செங்கோட்டிலேயே போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். பூபதி மாவுக் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.